ஷாம்பு மேல பழி போடாதீங்க... கொத்துக் கொத்தா முடி கொட்ட 3 மாசத்துக்கு முன்னாடி வந்த காய்ச்சல்கூட காரணமா இருக்கலாம்!

காலையில் தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. தலையணையில் முடி. பாத்ரூம் ஓட்டை அடைக்கிற அளவுக்கு முடி. உடனே நாம என்ன பண்றோம்? ஷாம்பை மாத்துறோம், போர் தண்ணியைத் திட்டுறோம், புதுசா ஒரு எண்ணெய் பாட்டில் வாங்குறோம். ஆனா உண்மையான காரணம் பெரும்பாலும் போன வாரம் நடந்தது இல்லை. இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்னாடி நடந்தது!

அது எப்படி? நம்ம தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கு. ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளரும், பிறகு சுமார் 3 மாதம் ஓய்வெடுக்கும், அப்புறம் உதிரும். தினமும் 50 முதல் 100 முடி வரை கொட்டுவது சாதாரணம்தான். உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால்தான் கணக்கு மாறுது. டெங்கு, டைபாய்டு, கொரோனா மாதிரி கடுமையான காய்ச்சல், பெரிய ஆபரேஷன், பட்டினி டயட்டில் வேகமா எடை குறைப்பது, கடும் மன உளைச்சல் என ஏதாவது ஒன்று வந்தால், வளர்ந்துகொண்டிருந்த நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போயிடும். அவை மொத்தமாக உதிரும்போது, காய்ச்சல் வந்ததையே நாம மறந்திருப்போம். மருத்துவத்தில் இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர்.

'வேரோட கொட்டுதே' என்று பலர் பயப்படுறாங்க. முடி நுனியில் தெரியும் அந்த வெள்ளைப் புள்ளி வேர் இல்லை. முடி முளைக்கும் பை தோலுக்குள் பத்திரமாக இருக்கு. அதனால் இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே குறைஞ்சிடும்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும் என்று வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. குழந்தையின் சிரிப்புக்கும் முடிக்கும் சம்பந்தம் இல்லை, ஆனா கால கணக்கு கிட்டத்தட்ட சரி! கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகமாக இருப்பதால் முடி உதிராமல் நிற்கும். பிரசவத்துக்குப் பிறகு அது சட்டென்று குறையும். மூன்றாவது மாதம் வாக்கில், நின்ற முடியெல்லாம் சேர்ந்து கொட்டும்.

ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லையா? அப்போ ரத்தப் பரிசோதனை அவசியம். முதல் சந்தேகம் இரும்புச்சத்து. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், சேமிப்பில் உள்ள இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் டெஸ்ட். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு எடுக்கணும். அடுத்து தைராய்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெடிக்கலில் பயோட்டின் மாத்திரையை நாமே வாங்கி விழுங்குவது இப்போ ஃபேஷன் ஆகிடுச்சு. பயோட்டின் குறைபாடு அரிது. ஆனா அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு டெஸ்ட் ரிசல்ட்டே தப்பாக வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் டெஸ்டும் ஏமாற்றக்கூடும் என அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2017-லேயே எச்சரித்தது. வைட்டமின் ஏ, செலினியம் அளவு மீறினால், முடி கொட்டுவதற்கு அதுவே காரணமாகிடும்.

கொத்தாகக் கொட்டாமல், ஆண்களுக்கு நெற்றி ஓரம் ஏறிக்கொண்டே போவது, பெண்களுக்கு வகிடு அகலமாவது வேற கதை. இது பரம்பரை. அப்பா வழி மட்டுமில்லை, அம்மா வழியிலும் வரும். இது தானாகச் சரியாகாது, தாமதிக்கத் தாமதிக்க முடி மெலிந்துகொண்டே போகும். மினாக்ஸிடில் போட ஆரம்பித்த முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம், அதைப் பார்த்துப் பயந்து பலர் நிறுத்திடுறாங்க. ஃபினாஸ்டரைடு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்து.

ஹெல்மெட்? வேரைப் பாதிக்காது, தாராளமாகப் போடுங்க. உப்புத் தண்ணி முடியை வறட்சியாக்கி உடைக்கலாம், வழுக்கை ஆக்காது. ஆனா வருஷக்கணக்கில் இறுக்கி இழுத்துப் பின்னினால் நெற்றி ஓர முடி நிரந்தரமாகப் போகலாம்.

காசு அளவுக்கு வட்டமாக முடி போவதை நாம 'புழுவெட்டு' என்கிறோம். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடியைத் தாக்குவதால் வருவது. குழந்தை தலையில் செதில், அரிப்போடு முடி போனால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. சீழ், எரிச்சல், தழும்பு தெரிந்தால் ஒரு வாரம்கூட காத்திருக்க வேண்டாம். தழும்பு விழுந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காது.

தோல் டாக்டரிடம் போகும்போது, கடந்த 6 மாதத்தில் வந்த காய்ச்சல், சாப்பிட்ட மாத்திரை, இருந்த டயட் எல்லாத்தையும் தேதியோட எழுதி எடுத்துட்டுப் போங்க. அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.