அயாசோபியாவில் உருவமும் சாந்தும்

1453 மே 29 அன்று கான்ஸ்டாண்டினோபிள் உஸ்மானியர் கைக்கு வந்ததும் அயாசோபியா பேராலயத்தின் உருவங்கள் அனைத்தும் சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டன என்று பலரும் நம்புகிறார்கள். பயண நூல்களும் இதைத் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. ஆனால் கட்டடம் தரும் சான்றுகளோடும் பழைய சித்திரங்களோடும் ஒப்பிட்டால் இந்தக் கூற்று நிற்காது. உருவங்கள் மறைந்து முடிய ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. அந்தச் சுவர்களில் உருவத்தை முதலில் நீக்கியவர்களும் உஸ்மானியர் அல்லர்.

532ஆம் ஆண்டு நிகா கலகத்தில் பழைய ஆலயம் எரிந்தது. அதே இடத்தில் பேரரசர் ஜஸ்டீனியன், அந்தீமியஸ், இசிடோர் என்ற இருவரைக் கொண்டு எழுப்பிய கட்டடம் 537 டிசம்பர் 27 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. அக்கால மொசைக் அலங்காரத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் உருவமற்றது: பொன் பின்னணியில் சிலுவைகளும் கொடிவேலைப்பாடுகளும்தான். பிறகு 8ஆம் நூற்றாண்டில், திருவுருவங்களை வணங்கலாமா என்ற சர்ச்சை பைசாந்தியத்தைப் பிளந்தது. அதன் தடயம் தெற்கு மேல்மாடத்தை ஒட்டிய அறைகளில் இருக்கிறது. அங்கே வட்டங்களுக்குள் இருந்த புனிதர்களின் உருவங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சிலுவைகளைப் பதித்திருக்கிறார்கள். பெயரெழுத்துகளை நீக்கிய தழும்பும் அருகிலேயே தெரிகிறது. செய்தவர்கள் கிறிஸ்தவர்களே. என் பார்வையில், அயாசோபியாவின் வரலாற்றைப் படிக்க இதைவிட நேர்மையான சான்று வேறில்லை.

843இல் உருவ வழிபாட்டை ஆதரித்தோர் வென்றனர். 867 மார்ச் 29 அன்று முதுபிதா போட்டியஸ் மறையுரை நிகழ்த்த, மடியில் குழந்தை இயேசுவோடு அமர்ந்த மரியாளின் மொசைக் கிழக்கு அரைவட்ட மாடத்தில் திறந்துவைக்கப்பட்டது. இன்று அங்கே நாம் காணும் உருவ மொசைக்குகள் எல்லாமே இந்தச் சர்ச்சை ஓய்ந்தபின் பதிக்கப்பட்டவை.

1453இல் நகரைக் கைப்பற்றிய உஸ்மானிய சுல்தான் இரண்டாம் முகம்மது பேராலயத்தைப் பள்ளிவாசலாக்கினார். மினாராக்கள் எழுந்தன, 16ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் சினான் வெளிச்சுவர்களுக்கு முட்டுக் கொடுத்து வலுவூட்டினார். மரியாளுக்குக் கீழே, மக்காவின் திசைநோக்கி மிஹ்ராப் எனும் தொழுகை மாடம் அமைந்தது. கட்டடத்தின் அச்சு தென்கிழக்கு. கிப்லா எனும் மக்காவின் திசையோ அதைவிடச் சற்றுத் தெற்கே. எனவே மிஹ்ராப் நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்கிறது. தொழுகை வரிசைகளும் கட்டடத்துக்குச் சாய்வாகவே அமைகின்றன. உள்ளே நுழைபவர் கண்ணில் முதலில் படாத இந்தச் சாய்வை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு மறக்க முடியாது.

உருவங்களில் தாழ்வாக இருந்தவை முதலில் பூச்சுக்குள் போயின. உயரத்தில் இருந்தவை நெடுங்காலம் வெளியே தெரிந்தன. பிரெஞ்சுப் பயணி குரெலோ 1680இல் வெளியிட்ட நூலின் உட்புறச் சித்திரமும், சுவீடனின் கொர்னேலியஸ் லூஸ் 1710இல் வரைந்த படங்களும் இதற்குச் சாட்சி. அவற்றில் உருவங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு முன் பல தலைமுறை முஸ்லிம்கள் அந்த உருவங்களின் கீழேதான் தொழுதிருக்கிறார்கள். மீதமிருந்தவற்றில் பெரும்பகுதி மறைந்தது 18ஆம் நூற்றாண்டில்.

சுல்தான் அப்துல் மஜீத் 1847இல் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் பணியை சுவிட்சர்லாந்தின் பொசாத்தி சகோதரர்களிடம் ஒப்படைத்தார். சாந்தைக் களைந்தபோது மொசைக்குகள் வெளிப்பட்டன. சகோதரர்கள் அவற்றைச் சுத்தம்செய்து வரைந்துகொண்டார்கள்; பின்னர் உருவங்களை மீண்டும் பூசி மூடினார்கள். 1849இல் வேலை முடிந்தது. அல்லாஹ், நபிகள், நான்கு கலீபாக்கள், ஹசன், ஹுசைன் பெயர்களைத் தாங்கி இன்று தொங்கும் எட்டுப் பெரும் வட்டப் பலகைகளும் இதே திருப்பணியின் பகுதி. எழுதியவர் முஸ்தபா இஸ்ஸத். ஜெர்மானியரான சால்சன்பர்க் அப்போது எடுத்த படிகளை 1854இல் நூலாக வெளியிட்டார். இந்தச் சித்திரங்கள் இல்லாமல் போயிருந்தால், பின்னாளில் அழிந்த சில மொசைக்குகளைப் பற்றி நமக்கு எதுவும் தெரிந்திராது.

1931இல் அமெரிக்கரான தாமஸ் விட்டமோர் துருக்கி அரசின் அனுமதியோடு சாந்தைக் களையத் தொடங்கினார். 1934 நவம்பரில் அமைச்சரவை முடிவெடுக்க, மறு ஆண்டு கட்டடம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மரியாளும் திருமுழுக்கு யோவானும் இருபுறம் நின்று மன்றாட நடுவில் இயேசு இருக்கும் 13ஆம் நூற்றாண்டு மொசைக் தெற்கு மேல்மாடத்தில் மீண்டும் வெளிச்சம் கண்டது. அதன் கீழ்ப்பகுதி போய்விட்டது. எஞ்சிய முகங்களில் படிந்திருக்கும் துயரத்துக்கு ஈடான ஒன்றைப் பைசாந்தியக் கலையில் நான் கண்டதில்லை.

2020 ஜூலை 10 அன்று துருக்கியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 1934ஆம் ஆண்டு முடிவை ரத்துசெய்தது. மீண்டும் பள்ளிவாசலான கட்டடத்தில் ஜூலை 24 அன்று ஜும்ஆ எனும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடந்தது. இப்போது தொழுகை வேளையில் மரியாளின் உருவத்தைத் திரைச்சீலை மறைக்கிறது. பிறகு விலக்கிவிட முடியும். 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்தி மேல்மாடத்துக்கு மட்டும் செல்கிறார்கள். அங்கே செல்பவர்கள் மன்றாட்டு மொசைக்கின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். பயண நூல் எழுதுவோர், உருவங்கள் 1453இல் ஒரேயடியாக மறைக்கப்பட்டன என்ற வரியை அடுத்த பதிப்பிலாவது நீக்க வேண்டும்.