மின்தடையைப் படித்து ஈரத்தைச் சொல்லுதல்: இந்திய மரங்களும் ஈரப்பதமானியும்

பச்சைத் தேக்கு ஆற்றில் எளிதில் மிதக்காது. மலபார்க் காடுகளிலும் பர்மாவிலும் தேக்கு எடுத்தவர்கள் அதனால்தான் மரத்தை உடனே சாய்க்கவில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்குள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியையும் வளையமாக வெட்டி, நீரோட்டத்தை அறுத்து, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் உலரவிட்டார்கள். பின்பு சாய்த்து, மழைக்காலத்து வெள்ளத்தில் இறக்கினார்கள். மிதந்தால் உலர்ந்த மரம். அமிழ்ந்தால் உலராத மரம். அந்த வகையில் ஆற்றையே ஓர் ஈரப்பதமானி எனலாம். ஆனால் அதற்குத் தெரிந்தவை ஆம், இல்லை என்னும் இரண்டு விடைகள் மட்டுமே. மிதக்கும் அளவுக்கு உலர்ந்த மரம் கதவு செய்யும் அளவுக்கு உலர்ந்ததாகாது.

அந்த இடைவெளியை நிரப்பியது தச்சரின் கை. பலகையைத் தூக்கிக் கனம் பார்ப்பது, விரல் கணுவால் தட்டி ஒலி கேட்பது, இழைப்புளியிலிருந்து சுருண்டு விழும் சீவலை நொறுக்கிப் பார்ப்பது என அதற்குப் பல வழிகள் இருந்தன. இவற்றைத் துல்லியமற்ற நாட்டு வழக்கங்கள் என்று ஒதுக்கும் போக்கு தொழில்நுட்ப வரலாற்றெழுத்தில் உண்டு. அது சரியான தீர்ப்பன்று. மரமும் தச்சரும் வீடும் ஒரே ஊரின் காற்றில் இருந்தவரை இந்த முறைகள் போதுமானவையாக இருந்தன. மரம் தொலைதூரம் பயணிக்கத் தொடங்கியபோதுதான் அவை தளர்ந்தன. இமயமலைத் தேவதாரு ரயில்வழியே சமவெளிக்கு இறங்கியது. பர்மாத் தேக்கு பம்பாய்க்கும் தில்லிக்கும் சென்றது. கடலோரக் காற்றில் பதமாக இருந்த பலகை, வறண்ட உள்நாட்டின் கோடையில் மேலும் சுருங்கிப் பிளந்தது. தச்சரின் கை பொய் சொல்லவில்லை; அது வேறோர் ஊரின் உண்மையைச் சொன்னது.

இச்சிக்கலை எண்ணாக மாற்றும் பணி டேராடூனில் நடந்தது. 1906இல் அங்கு நிறுவப்பட்ட பேரரசு வன ஆராய்ச்சி நிறுவனம், 1929இல் நியூ ஃபாரஸ்ட் வளாகத்தின் பெருங்கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கு மரம் பதப்படுத்தும் ஆய்வில் ஈடுபட்டிருந்த எஸ். என். கபூர், இந்திய மரங்களைப் பதப்படுத்துவது குறித்த கையேட்டை 1934இல் வெளியிட்டார். உலரும்போது வெடிக்கும் இயல்பைக் கொண்டு இந்திய மரங்கள் மூன்று வகைகளாகப் பிரிக்கப்பட்டன: எளிதில் அடங்காத சால் போன்றவை, நடுத்தரமான தேக்கு போன்றவை, எளிதில் உலரும் தேவதாரு போன்றவை. ஆய்வகத்தில் ஈரத்தை அறியும் வழி எளியது. ஒரு துண்டை அறுத்து எடை பார்த்து, ஏறத்தாழ 103 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, மீண்டும் எடை பார்க்க வேண்டும். இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் ஈரப்பதம் நூற்றுவீதத்தில் கிடைக்கும். பகுதி உலர்ந்த எடை என்பதால் பச்சை மரத்தில் இவ்வெண் நூறையும் தாண்டக்கூடும். முதன்முறை கேட்கும் மாணவர் பலரும் இதைப் பிழையென்றே எண்ணுவர். இம்முறையின் குறை துல்லியத்தில் இல்லை. அளப்பதற்காகப் பலகையை வெட்ட வேண்டும். விடைக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ காத்திருக்கவும் வேண்டும். கிடங்கில் அடுக்கிய ஆயிரம் பலகைகளுக்கு இது ஆகாது.

மாற்று வழி அமெரிக்காவிலிருந்து வந்தது. மரத்தின் ஈரம் குறிப்பிட்ட ஓர் எல்லைக்குக் கீழே இறங்கும்போதுதான் அதன் வலிமை மாறத் தொடங்குகிறது என்பதை ஹாரி டீமன் 1906இல் காட்டினார். உயிரணுக்களின் உட்குழிவில் தேங்கிய நீர் முதலில் வெளியேறும். அப்போது மரம் சுருங்குவதில்லை. பின்பு உயிரணுச் சுவரோடு பிணைந்த நீர் வெளியேறும். சுருக்கமும் பிளவும் அப்போதுதான் தொடங்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையே நார்ச் செறிவுநிலை. பெரும்பாலான மரங்களில் அது 25 முதல் 30 விழுக்காட்டுக்குள் அமையும். விஸ்கான்சினின் மாடிசன் நகரிலிருந்த வனப்பொருள் ஆய்வகத்தின் ஆல்ஃபிரட் ஸ்டாம், இந்த எல்லைக்குக் கீழே மரத்தின் மின்தடை ஈரத்தோடு ஒழுங்கான உறவில் மாறுகிறது என்பதை 1927இல் வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளிலேயே, இரண்டு ஊசிகளை மரத்தில் அறைந்து ஈரத்தைச் சொல்லும் கையடக்கக் கருவிகள் உருவாயின.

இவ்வரலாற்றில் அடிக்கடி மறக்கப்படும் செய்தி ஒன்றுண்டு. ஈரப்பதமானி ஈரத்தை அளப்பதில்லை. அது அளப்பது மின்தடையை. ஈரம் என்பது அதிலிருந்து பெறப்படும் ஊகம். நார்ச் செறிவுநிலையிலிருந்து முற்றிலும் உலர்ந்த நிலைக்குச் செல்லும்போது மரத்தின் மின்தடை ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல் உயர்கிறது. அந்நிலைக்கு மேலே எவ்வளவு நீர் சேர்ந்தாலும் தடை சிறிதளவே குறையும். எனவே ஏறத்தாழ 7 முதல் 25 விழுக்காடு வரையே இக்கருவியின் சொல் நம்பத்தக்கது. பச்சை மரத்தில் ஊசியைக் குத்தி 60 என்று படித்தால், மரம் மிக ஈரமாக உள்ளது என்பதற்கு மேல் அவ்வெண்ணுக்குப் பொருளில்லை.

எல்லைக்குள்ளும் இடறும் இடங்கள் பல. அமெரிக்கக் கருவிகள் பெரும்பாலும் டக்ளஸ் ஃபர் என்னும் ஊசியிலை மரத்தைக் கொண்டு அளவிடப்பட்டவை. தேக்கிலோ சாலிலோ கருவி காட்டும் எண், அதே மின்தடை கொண்ட டக்ளஸ் ஃபருக்கு உரிய எண்ணே. ஒவ்வொரு மரத்துக்கும் தனித் திருத்த அட்டவணை தேவை. அதைச் செய்ய, அம்மரத்தையே அடுப்பில் உலர்த்தி ஒப்பிட்டாக வேண்டும். அடுத்தது வெப்பம். மரம் சூடாகும்போது மின்தடை குறையும்; கருவி ஈரத்தைக் கூட்டிக் காட்டும். 10 பாகை உயர்வுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 அலகு வரை பிழை நேரும். குளிர்நாட்டு ஆய்வகத்தில் புறக்கணிக்கத்தக்க இந்த வேறுபாட்டை, 40 பாகையைத் தாண்டும் வட இந்தியக் கோடைவெயிலில் கிடக்கும் பலகையில் புறக்கணிக்க இயலாது.

ஊசியின் ஆழமும் கணக்கில் வரும். உலர்ந்துகொண்டிருக்கும் பலகையின் மேற்புறம் காய்ந்தும் நடுப்பகுதி ஈரமாகவும் இருக்கும்; பலகையின் சராசரி ஈரம், கனத்தில் நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று ஆழத்தில் கிடைக்கும். ஆனால் மேற்புறம் மழையில் நனைந்திருந்தால், மின்னோட்டம் எளிய வழியான அந்த ஈரத்தோல் வழியே பாய்ந்து, உள்ளே உலர்ந்த மரத்தையும் ஈரமரமென்று சொல்லிவிடும். முனை மட்டும் திறந்திருக்க, தண்டுக்கு மின்காப்பு பூசிய ஊசிகள் வந்தது இதற்காகவே. ஊசிகளை இழையோட்டத்தின் திசையில் அமைப்பதும், விரைவில் காயும் பலகை முனைகளைத் தவிர்ப்பதும் இதே கவனத்தின் பகுதிகள்.

டேராடூனின் வரலாறு இவ்விடத்தில் ஒரு முரணைத் தருகிறது. அதே நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம், செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புக்கலவையால் மரத்தைக் கரையானிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காக்கும் முறையை 1933இல் கண்டறிந்தார். 'ஆஸ்கு' என்ற பெயரில் பரவிய அதற்கு 1938இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆர்செனிக் பற்றிய அச்சத்தால் 2003ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க வீட்டுப் பயன்பாடுகளிலிருந்து பெரும்பாலும் விலக்கப்படும்வரை உலகின் முதன்மையான மரக்காப்பு முறைகளில் ஒன்றாக அது விளங்கியது. அழுத்தத்தின் மூலம் உப்புநீரை மரத்துக்குள் செலுத்த, உயிரணுக் குழிவுகள் முதலில் காலியாக இருக்க வேண்டும். அதாவது மரம் நார்ச் செறிவுநிலையை ஒட்டி உலர்ந்திருக்க வேண்டும். அதை உறுதிசெய்ய ஈரப்பதமானி வேண்டும். உப்பு உள்ளே சென்ற பிறகோ மரத்தின் மின்தடை குறைந்து, அதே கருவி உள்ளதைவிடக் கூடுதலான ஈரத்தைக் காட்டக்கூடும். மரத்தைக் காக்கும் கண்டுபிடிப்பு, மரத்தை அளக்கும் கண்டுபிடிப்பைக் குழப்பியது. பழைய மரங்களை ஆராயும் அருங்காட்சியகத்தார்க்கு இது இன்றும் நடைமுறைச் சிக்கல்: முன்பு பூசப்பட்ட உப்பின் வரலாறு தெரியாமல் ஊசியைக் குத்துபவர், ஈரமில்லாத இடத்தில் ஈரத்தைக் காண்பார்.

விடுதலைக்குப் பின் வந்த இந்தியத் தரக்குறிப்பு 287, ஊர் மாறினால் உண்மையும் மாறும் என்ற தச்சரின் அறிவையே அட்டவணையாக்கியது. ஆண்டுச் சராசரிக் காற்று ஈரப்பதத்தைக் கொண்டு நாடு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது: 40 விழுக்காட்டுக்குக் குறைந்தவை, 40 முதல் 50 வரை, 50 முதல் 67 வரை, 67க்கு மேற்பட்டவை. 50 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ள கதவு, சன்னல் மரத்துக்கு இம்மண்டலங்களில் முறையே 10, 12, 14, 16 விழுக்காடு ஈரம் ஏற்கப்பட்டது. ஆக, 15 விழுக்காடு ஈரமுள்ள ஒரே நிலைக்கட்டை நான்காம் மண்டலத்துக் கடலோர ஊரில் தேறும். முதல் மண்டலத்தில் தள்ளுபடியாகும்.

வெப்பத்துக்கும் மரவகைக்கும் திருத்தாமல் படித்த எண் இரண்டு அலகு பிறழ்ந்தாலே மரம் ஒரு மண்டலம் தள்ளிப் போய்விடும். அந்த எண்ணை நம்பித்தான் ஒப்பந்தக்காரரின் சரக்கு ஏற்கப்படுகிறது அல்லது திருப்பப்படுகிறது. வாங்குபவரும் விற்பவரும் உடன்படாதபோது, பலகையின் முனையிலிருந்து தள்ளி ஒரு துண்டை அறுத்து, எடை பார்த்து, 103 பாகையில் அடுப்பில் வைப்பதே இன்றும் இறுதி வழி.