சட்டத்தைக் கழற்றிய ஓவியம்: பேசாலைக் கரையிலிருந்து சாம் கில்லியம்

பேசாலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு தறப்பாளை இரண்டு பேர் சேர்ந்தும் ஒழுங்காக மடிக்க முடியாது. நான்கு மூலையையும் கட்டினால் நடுவில் வீங்கும். ஒரு மூலையை அவிழ்த்தால் முழுவதுமே வேறு வடிவமாகிவிடும். அமெரிக்க அரூப ஓவியர் சாம் கில்லியமின் படைப்புகளை முதலில் நிழற்படங்களில் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இதுதான்.

கில்லியம் 1933இல் மிசிசிப்பி மாநிலத்தின் டுப்பெலோவில் பிறந்தார். 1962இல் வொஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய முறையைச் சொல்வது எளிது. கன்வாஸைத் தரையில் விரித்து, நீர்த்த அக்ரிலிக் வர்ணத்தை ஊற்றி ஊற விடுவார். ஈரம் காயுமுன் துணியை மடிப்பார், கசக்குவார். விரித்தால் மடிப்புத் தடங்களும் வர்ணத்தின் பகுதியாகியிருக்கும். வழமையாக அதன் பிறகு துணியை மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடிக்க வேண்டும். 1968 அளவில் அவர் அந்தச் சட்டத்தையே விட்டுவிட்டார். துணியை முடிந்து, கயிற்றில் கட்டி, கூரையிலிருந்து தொங்கவிட்டார். 1969இல் வொஷிங்டன் கோர்கரன் கலைக்கூடத்தில் தொங்கிய 'பரோக் காஸ்கேட்' ஏறத்தாழ 150 அடி நீளம். 1975இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் வெளிச்சுவர்களிலேயே 'கடற்குதிரைகள்' என்ற ஆறு பகுதிப் படைப்பைத் தொங்கவிட்டார். இடம் மாறினால் தொங்கும் விதமும் மாறும். ஆகவே ஒரே ஓவியத்தை இரண்டு முறை ஒரேமாதிரிப் பார்க்க முடியாது. கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. அவரே வேறு நேரங்களில் வேறு விளக்கங்களும் சொன்னார். எனக்குக் கொடிக் கதைதான் பிடித்திருக்கிறது.

அக்காலத்தில் கறுப்பினக் கலைஞர் ஒருவர் போராட்டத்தை முகமும் முஷ்டியுமாக வரைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பலமாக இருந்தது. வெறும் வர்ணம் எதற்கு என்று கேட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். மறுவருடம் கில்லியம் 'ஏப்ரல் 4' என்று ஒரு ஓவியத்துக்குப் பெயரிட்டார். அதில் எந்த முகமும் இல்லை. ஊதாவின் மீது சிவப்புக் கறைகள் மட்டும்.

இந்தக் கேள்வி எங்கள் பக்கத்துக்கும் புதிதல்ல. வடக்கிலிருந்து வரும் ஓவியம் என்றதும் முள்வேலியையும் பிணத்தையும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனனின் 'முழுமையுறாத தோம்பு' (2011) அந்தத் தேடலுக்கு இடம் கொடுக்கவில்லை. இடம்பெயர்ந்த 80 பேர் நினைவிலிருந்து கீறிய, இழந்த வீடுகளின் நிலப்படங்கள் அதில் இருக்கின்றன. சுவர், கிணறு, வாசல். அவ்வளவுதான்.

1990களில் மடுவிலும் பேசாலையிலும் அகதிகளுக்கான திறந்த நிவாரண நிலையங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தறப்பாள் என்பது கூரை. கில்லியமின் துணிகளை அவர்கள் ஓவியமாகப் பார்ப்பார்களா, கொட்டகையாகவா? யாராவது ஒரு கன்வாஸை வர்ணத்தில் தோய்த்து இந்தக் கரையில் கட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கில்லியம் 2022 ஜூன் 25 அன்று காலமானார். முடிச்சை எங்கே போடுவது என்பதை இனி வேறு கைகள்தான் தீர்மானிக்க வேண்டும்.