ரிலே சோதிக்கக் கற்றவர்கள்

மின்வாரியம் என்றதும் கம்பத்தில் ஏறும் லைன்மேனும், ரீடிங் எடுக்க வருபவரும் தான் நினைவுக்கு வருவார்கள். எம்.ஆர்.டி. என்று ஒரு பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. மீட்டர் அண்டு ரிலே டெஸ்டிங் என்பதன் சுருக்கம் அது. சிட்லபாக்கத்தில் ஒரு மழைநாளில் 11 கே.வி. கம்பி அறுந்து தெருவில் நிற்கும் தண்ணீரில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். துணை மின்நிலையத்தில் உள்ள ரிலே அதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்க வேண்டும். திறக்குமா என்று முன்கூட்டியே சோதித்து வைப்பது இவர்கள் வேலை.

இந்தப் பக்கத்துக்கும் மின்சாரத்துக்கும் பழைய உறவு உண்டு. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. தமிழ்நாடு மின்வாரியம் 1957 ஜூலை 1-ல் உருவானது. 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. 1973-ல் அதைத் திருத்தி டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்தார்கள். வாரியம் 2010-லும், பிறகு 2024-லும் பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. மக்கள் வாயில் இன்றும் அது ஈ.பி. தான்!

மீட்டரும் ரிலேயும் ஏன் ஒரே பிரிவில்? பழைய வீட்டு மீட்டரைத் திறந்தால் ஒரு அலுமினியத் தட்டு சுற்றும். பழைய ரிலேயிலும் அதே போன்ற தட்டு தான். கரண்ட் அதிகமானால் தட்டு வேகமாகச் சுற்றி, காண்டாக்டைத் தொட்டு பிரேக்கரைத் திறக்க வைக்கும். பயிற்சிக்கு வருபவர் முதலில் மனப்பாடம் செய்வது இரண்டு எண்கள்: செட்டிங்கைப் போல 2 மடங்கு கரண்டுக்கு 10 வினாடி, 10 மடங்குக்கு 3 வினாடி. கையில் ஸ்டாப் கிளாக்குடன் கரண்ட் செலுத்திப் பார்ப்பார். நேரம் கூடினால் தூசியா, ஸ்பிரிங்கா, காண்டாக்டில் துருவா என்று தேட வேண்டும். இதைப் பெரியவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்க முடியும். ஐ.டி.ஐ. புத்தகத்தில் துரு இருக்காது அல்லவா! இன்னொரு கட்டளையும் உண்டு. லைனில் கரண்ட் ஓடும்போது சி.டி.யின் செகண்டரியைத் திறந்து விடக் கூடாது. திறந்தால் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் அங்கே உருவாகும்.

சுவையான விஷயம் ஒன்று. இந்த ரிலேக்களைத் தயாரித்த இங்கிலீஷ் எலெக்ட்ரிக் தொழிற்சாலை சிட்லபாக்கத்துக்கு அருகிலேயே, பல்லாவரம் ஜி.எஸ்.டி. சாலையில் இருந்தது. பின்னாளில் ஜி.இ.சி., ஆல்ஸ்தாம், அரேவா என்று பெயர்ப்பலகை மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

ஆனால் ரிலே சர்வ வல்லமை படைத்ததல்ல. கம்பி காய்ந்த மணலில் விழுந்தால் பாயும் கரண்ட் மிகக் குறைவு. ரிலே அதைக் கவனிக்காமலே விடக்கூடும். கம்பி உயிரோடு கிடக்கும். பயிற்சியில் அழுத்திச் சொல்ல வேண்டிய பாடம் இது.

நியூமெரிக்கல் ரிலேக்கள் வந்தபின் ஸ்டாப் கிளாக்கின் இடத்தில் லேப்டாப் வந்துவிட்டது. தன் உள்கோளாறைத் தானே சொல்லும் கருவி அது. பழைய தட்டு ரிலே பழுதானாலும் அடுத்த சோதனை வரை யாருக்கும் தெரியாது. இருந்தாலும் பேட்டரியும் டிரிப் காயிலும் வயரும் ரிலேக்கு வெளியே தானே இருக்கின்றன? அதனால் சோதனையின் கடைசியில் பிரேக்கரை ஒருமுறை நிஜமாகவே டிரிப் செய்து பார்ப்பது மட்டும் மாறவில்லை.