ஒன்றரை மீட்டர் தண்ணீரில் ஒரு கப்பல்

ஆற்றுக் கப்பலின் ஜாதகம் அதன் சொகுசு அறைகளில் இல்லை. தண்ணீருக்குள் எவ்வளவு அமிழ்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். 'கங்கா விலாஸ்' 62 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். மூன்று தளங்கள், 18 அறைகள், 36 பயணிகளுக்கு இடம். அத்தனையையும் சுமந்துகொண்டு அது அமிழ்வது 1.4 மீட்டர்தான், பத்து வயதுப் பிள்ளையின் உயரம்.

2023 ஜனவரி 13 அன்று வாரணாசியிலிருந்து அதன் முதல் பயணத்தைப் பிரதமர் மோடி காணொலி வழியே கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். ஏறியவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள் 32 பேர். அசாமின் திப்ருகர் வரை 3,200 கி.மீ., 51 நாள், வழியில் 27 ஆறுகள் என்பது திட்டம்.

மூன்றே நாளில் வம்பு வந்தது. பீகாரில் சாப்ராவுக்கு அருகே சிராந்த் என்றொரு மேடு; புதிய கற்கால மனிதர்கள் எலும்பிலும் மான்கொம்பிலும் செய்த கருவிகள் அங்கே கிடைத்திருக்கின்றன. அதைப் பார்க்கப் பயணிகள் சிறு படகுகளில் கரைக்குப் போக, கப்பல் தரைதட்டிவிட்டது என்று செய்தி பரவியது. இல்லை, கப்பல் தரைதட்டவில்லை என்றது உள்நாட்டு நீர்வழி ஆணையம். மறுப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் செய்தியை ஊரே உடனே நம்பியதில் வியப்பில்லை. குளிர்காலக் கங்கையில் நீர் வடிந்து, மணல்திட்டுகள் முதுகு காட்டும் நேரம் அது.

அந்த மணலைச் சமாளிக்கத் தூர்வாரும் இயந்திரம் மட்டும் போதாது. நீரோட்டத்துக்குச் சாய்வாக மூங்கில் தட்டிகளை வரிசையாக நடுகிறார்கள். அடியில் இடைவெளி இருக்கும். மேல்நீர் தட்டியில் மோதி ஒருபக்கமாகத் திரும்பி, அங்கே அடிமணலை அரித்துப் பாதையை ஆழமாக்கும். வந்த மணல் தட்டிக்குப் பின்னால் படிந்துவிடும். மேலே உடற்பயிற்சிக்கூடம், ஸ்பா, உடனிருந்து கவனிக்கப் பணியாளர்கள். கீழே அந்தக் கப்பலுக்கு வழிவிடுவது மூங்கிலும் கயிறும்.

பீகாரிலேயே இன்னும் கிழக்கே போனால், சுல்தான்கஞ்சுக்கும் கஹல்காவுக்கும் இடையே விக்ரமசீலா ஓங்கில் (டால்பின்) சரணாலயம். 1991இல் அறிவிக்கப்பட்டது. கங்கை ஓங்கிலுக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட இல்லை. தானே எழுப்பும் ஒலியின் எதிரொலியை வைத்துத்தான் மீன் பிடிக்கிறது. மேல்தளத்தில் கேமராவோடு காத்திருப்பவர்களைச் சுமந்து வரும் இன்ஜின், அந்தப் பிராணியின் காதில்தான் இரைகிறது. இயற்கைச் சுற்றுலாவில் எனக்கு உறுத்தும் இடம் இதுதான்.

பராக்கா தடுப்பணையில் கப்பல் படியிறங்குகிறது. நீர்ப்பூட்டின் கதவுகளை மூடி, உள்ளே நீர்மட்டத்தைக் குறைத்து, எதிர்க்கதவைத் திறந்தால் 38 கி.மீ. கால்வாய். அதன்பின் பாகீரதி, ஹூக்ளி, கொல்கத்தா. சுந்தரவனத்தில் கணக்கே மாறுகிறது. அங்கே ஆழத்தைத் தீர்மானிப்பது ஓதமும் வற்றமும். புலியைக் காண்பதற்குக் கொடுப்பினை வேண்டும். சேற்றில் கால்தடம் கண்டாலே பெரிது.

எல்லையைக் கடக்க 1972இல் இந்தியாவும் வங்கதேசமும் செய்துகொண்ட நீர்வழி உடன்பாடு இருக்கிறது. அது சரக்குப் படகுகளை மனதில் வைத்து எழுதியது. மோங்லா, டாக்கா வழியே மேலேறி, சில்மாரியைத் தாண்டி துப்ரியில் மறுபடி இந்தியா. இங்கிருந்து பிரம்மபுத்திரா. காசிரங்காவில் காண்டாமிருகம் பார்க்க ஜீப், மாஜுலித் தீவில் முகமூடி செய்பவர்கள் என்று இறங்கி ஏறும் இடங்கள் நிறைய.

பிப்ரவரி 28 அன்று கப்பல் திப்ருகர் சேர்ந்தது. 1950 ஆகஸ்ட் 15 நிலநடுக்கத்தில் மலைகள் சரிந்து, வண்டல் வந்து ஆற்றுப்படுகையே உயர்ந்துபோக, ஊரின் ஒரு பகுதியைப் பிரம்மபுத்திரா தின்றுவிட்ட இடம் அது. பயணிகள் அங்கிருந்து விமானம் ஏறிவிடலாம். கப்பலுக்கு அந்த வசதி இல்லை. ஏறி வந்த பாதை அதே இடத்தில் இருக்கும் என்ற உறுதியும் இல்லாததால், இறங்கும்போது மாலுமிகள் மறுபடி ஆழம் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும்.