முகப்பில் கஞ்சர் பொறித்த கடிகாரங்கள்

1821இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் என்பவர் ஓட்ட நேரத்தை மைப்புள்ளியால் குறிக்கும் கருவியைப் பயன்படுத்தினார். 'காலத்தை எழுதுவது' என்று பொருள்படும் குரோனோகிராஃப் என்னும் பெயர் அதனால் வந்தது. இன்று அவ்வகைக் கைக்கடிகாரங்களுக்குச் செல்வர் பெருந்தொகை கொடுக்கின்றனர்; ஒரு ரோலக்ஸ் டேடோனா 2017இல் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

1970இல் ஓமானில் ஆட்சிக்கு வந்த சுல்தான் காபூஸ், லண்டன் ஆஸ்ப்ரே நிறுவனத்தின் வழியாக, நாட்டின் சின்னமான கஞ்சர் குத்துவாளை முகப்பில் பொறித்த ரோலக்ஸ் கடிகாரங்களைச் செய்வித்துப் பரிசளித்தார். சேகரிப்போர் அவற்றையே தேடி அலைகின்றனர். பிற்காலத்தில் கஞ்சர் அச்சிட்ட போலி முகப்புகளும் உலவுகின்றன. தங்க உறை கொண்டவற்றை நம் ஆண்கள் அணிவதற்கில்லை. பெட்டியில் வைத்தாலும் அத்தங்கம் ஜகாத் கணக்கில் சேரும்.

திருவரங்குளம் பக்கத்திலிருந்து சபுராளிகளாய்ச் சென்றோர்க்கு எட்டியது எஃகு சீகோ. அரபி எழுத்தில் கிழமை காட்டுபவையும் அவற்றில் உண்டு. 1969இல் வந்த சீகோ 6139, தானே சாவி ஏறும் குரோனோகிராஃப்களுள் முதல் வரிசையது. அத்தாவின் பெட்டியில் அது கிடைத்தால் மெருகேற்றக் கொடுத்துவிடாதீர்கள். உறையின் விளிம்பு தேய்ந்தால், முகப்பை மாற்றினால், சேகரிப்போர் அதனை விரும்புவதில்லை.