பகைவனின் ஆயுதம்: ‘மெகா மேன்’ வரிசையில் ரோபோ வடிவமைப்பு

1. ஆய்வுப் பொருள்

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1987 டிசம்பரில் ஃபேமிகாம் கருவிக்காக ‘ராக்மேன்’ என்ற வீடியோ கேமை வெளியிட்டது. பிற நாடுகளில் அதன் பெயர் ‘மெகா மேன்’. கட்டத்தின் முடிவில் காத்திருக்கும் பாஸ் ரோபோவை வீழ்த்தினால், அதன் ஆயுதம் ஆட்டக்காரர் கைக்கு வரும். இந்த ஒரு விதியே இவ்வரிசையின் ரோபோ வடிவமைப்பு முழுவதையும் ஆள்கிறது என்பது என் துணிபு. ஒரே ஆற்றலை இருமுறை படைக்க வேண்டியிருக்கிறது: ஆட்டக்காரர் அஞ்சி விலகும் தாக்குதலாக ஒருமுறை, அவர் விரும்பி எடுக்கும் கருவியாக மறுமுறை. ஆகவே புதிய ரோபோ ஒன்றை மதிப்பிடும்போது அதன் அழகுக்கு இரண்டாம் இடமே தரவேண்டும்.

2. மூன்று நிறங்களின் ஆட்சி

ஃபேமிகாமில் ஒரு ஸ்பிரைட்டுக்கு (திரையில் நகரும் சிறு உருவத்துக்கு) மூன்று நிறங்கள்தான் கிடைக்கும். நாயகனின் உருவத்தை முதலில் பிக்சல்களாக அமைத்தவர் அகிரா கிதமுரா. அதைப் பார்த்துப் பெரிய ஓவியமாக விரித்தவர் கெய்ஜி இனாஃபுனே. திரை உருவம் முந்தியது, ஓவியம் பிந்தியது. இந்த வரிசைமுறை முக்கியமானது. உடலுக்கு ஒரு நிறத் தொகுதி, அதன்மேல் முகத்துக்குத் தனி ஸ்பிரைட் என்று அடுக்கியதால்தான் அந்தச் சிறிய உருவத்தில் கண்கள் துலக்கமாகத் தெரிந்தன. உடலின் நிறங்களை மட்டும் மாற்றினால் எந்த ஆயுதம் கையில் இருக்கிறது என்பது பார்த்தவுடன் விளங்கிவிடும். பற்றாக்குறையையே அறிவிப்பாக மாற்றிய இந்த உத்தியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

3. தொழிலிலிருந்து உருவம்

முதல் ஆட்டத்தின் ஆறு பாஸ் ரோபோக்களும் போருக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. கதைப்படி கட் மேன் மரம் வெட்டுபவன், கட்ஸ் மேன் நிலம் திருத்திக் கட்டுமானம் செய்பவன், ஃபயர் மேன் கழிவை எரிப்பவன். கதையின் வில்லனான டாக்டர் வைலி இவர்களைத் தன்வயமாக்கிக் கொண்டான். கட் மேனின் தலைமேல் கத்தரிக்கோல் இருப்பது வெறும் அலங்காரமன்று. தொழிலும் தாக்குதலும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. அவன் அதைக் கழற்றி எறிகிறான்; அது சுழன்று திரும்பி வருகிறது. என்ன வரப்போகிறது என்பதை ஆட்டக்காரர் அடிபடுவதற்கு முன்பே உருவத்திலிருந்து ஊகிக்க முடிகிறது. பெயரும் உருவமும் மட்டும் புதிதாய், தாக்குதல் எங்கோ கடன் வாங்கியதாய் அமைந்த ரோபோக்கள் பிற்காலத்தில் பல வந்தன. அவை நினைவில் நிற்காததற்கு இதுவே காரணம்.

4. வலுவீனச் சுழல்

ஒவ்வொரு ரோபோவும் இன்னொன்றின் ஆயுதத்துக்கு அடங்கும். கட் மேனின் வெட்டுக்கருவிக்கு எலெக் மேன், அவன் மின்னலுக்கு ஐஸ் மேன், அவன் பனிக்கு ஃபயர் மேன், அவன் நெருப்புக்குப் பாம் மேன், அவன் வெடிகுண்டுக்குக் கட்ஸ் மேன், அவன் தோள்வலிமைக்கு மீண்டும் கட் மேன். கல் கத்தரிக்கோலை வெல்லும் கைவிளையாட்டின் தர்க்கம் இந்தக் கடைசிக் கண்ணியில் தெளிவாகத் தெரிகிறது. கட் மேனின் அறையிலேயே தூக்கி எறியத்தக்க பாறைக் கட்டிகள் கிடக்கின்றன. விடையை இடத்திலேயே வைத்துவிட்டு ஆட்டக்காரரின் கூர்மைக்கு மதிப்பளிக்கும் ஏற்பாடு இது. எனவே புதிய ரோபோவைத் தனியாக வரைந்து முடிக்க இயலாது. அது யாருக்கு அஞ்சும், யாரை அச்சுறுத்தும் என்பதும் வடிவமைப்பின் பகுதியே.

5. டஸ்ட் மேன்: ஒரு சிறுவனின் படைப்பு

பாஸ் ரோபோக்களுக்கான கருத்துகளை ரசிகர்களிடமிருந்து போட்டி வைத்துப் பெறுவது ஜப்பானில் இரண்டாம் ஆட்டத்திலிருந்தே வழக்கமானது. 1991இல் வந்த நான்காம் ஆட்டத்தின் டஸ்ட் மேன் அப்படி வந்தவன். அவனை வரைந்து அனுப்பிய சிறுவன் யூசுகே முராத்தா பின்னாளில் ‘ஒன் பஞ்ச் மேன்’ மங்காவின் ஓவியராகப் புகழ்பெற்றார். அடுத்த ஆட்டத்தின் கிரிஸ்டல் மேனும் அவர் கருத்தே.

டஸ்ட் மேன் தூசி உறிஞ்சும் எந்திரம், தலையே உறிஞ்சுவாய். அவன் காற்றை இழுக்கையில் ஆட்டக்காரர் எதிர்த்திசையில் ஓடித்தான் தன்னைக் காத்துக்கொள்ள முடியும். பிறகு குப்பைக் கட்டியைத் துப்புகிறான். அது நான்காகச் சிதறுகிறது. அவன் கட்டமும் குப்பைக் கிடங்கு, அங்கே மேலிருந்து நசுக்கும் எந்திரங்கள். தொழில், உருவம், இடம், தாக்குதல் நான்கும் இப்படி ஒட்டி நிற்பது அரிது.

ஆனால் வென்றவர் கைக்கு வருவது சிதறும் குப்பைக் கட்டி மட்டுமே. உறிஞ்சும் ஆற்றல் வருவதில்லை. எதிரியாக நின்றபோது நம்மை நிலைகுலைய வைத்தது எதுவோ அது அவனோடு போய்விடுகிறது. இரண்டாம் ஆட்டத்தில் ஃப்ளாஷ் மேன் இக்குறை இல்லாதவன்: காலத்தை நிறுத்தி நம்மை அசையாமல் நிறுத்திய அதே ஆற்றல் நம் கைக்கு வந்து, குயிக் மேன் என்ற இன்னொரு பாஸின் கட்டத்தில் வரும் கொலைக் கதிர்களையும் நிறுத்துகிறது. உருவத்தில் டஸ்ட் மேனுக்கு ஈடாகாவிட்டாலும் படைப்பில் ஃப்ளாஷ் மேனே முழுமையானவன் என்பேன்.

6. பிற்கால மாற்றம்

நான்காம் ஆட்டம் அழுத்திப் பிடித்துச் சேர்க்கும் சார்ஜ் தாக்குதலைக் கொண்டுவந்தது. நாயகனின் சொந்தத் துப்பாக்கியே போதும் என்றானபின் பெற்ற ஆயுதங்களைத் தேடும் தேவை குறைந்தது. அதோடு ஆட்டக்காரரின் கருவியாக ரோபோக்கள் எடுக்கும் இரண்டாம் பிறப்பும் மங்கியது. 2018இல் வந்த பதினோராம் ஆட்டம் முப்பரிமாண உருவங்களுக்கு மாறியபோது, ஆயுதத்துக்கேற்ப நாயகனின் தலைக்கவசமும் கையும்கூட உருமாறின. பழைய நிற மாற்றத்தின் நேர் வாரிசு அது. தோற்ற பாஸ் ரோபோவின் சாயல் நாயகன் உடலிலேயே ஏறுவதால், இனி அத்தகைய ரோபோவை வரைபவர் தாளில் இரண்டு உருவங்களை வரைந்தாக வேண்டும்: ரோபோவை ஒருபுறம், அதன் ஆயுதத்தை அணிந்த நாயகனை மறுபுறம்.